சனிக்கிழமைப் பணம் யார் கணக்கில் நிற்கிறது?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 31. பெங்களூரில் பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். அவருடைய அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டே 22 ஆண்டுகளாகத் தெருவில் ஏலச்சீட்டு நடத்துகிறார். அம்மாவின் சீட்டு நோட்டைச் செயலியாக மாற்றினால் என்ன என்று மகளுக்குத் தோன்றியிருக்கிறது.

சோதனை ஓட்டமாக 140 பெண்களைச் சேர்த்திருக்கிறார். இருபது இருபது பேராக ஏழு குழுக்கள். வாரம் ஆளுக்கு 500 ரூபாய், சீட்டுத் தொகை 10,000, இருபது வாரம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் யு.பி.ஐ. வழியாக இவருடைய சேமிப்புக் கணக்குக்குப் பணம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை செயலியில் ஏலம். திங்கள் மாலைக்குள் எடுத்தவருக்குப் பணம் போய்விடுகிறது. ஐந்து சதவீதம் கமிஷன். கூடவே ‘தீபாவளிச் சேமிப்பு’ என்று வாரம் 100 ரூபாய். தீபாவளிக்கு 8 சதவீதம் சேர்த்துத் தருவதாக வாக்கு. பதினோரு வாரம் ஒரு நாளும் பிசகாமல் நடந்திருக்கிறது.

இப்போது இதைப் பெரிய தொழிலாக்க விரும்புகிறார். பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் 30 சதவீதப் பங்குக்கு 40 லட்சம் தர முன்வந்திருக்கிறார். கோவையில் ஒரு வங்கிசாரா நிதி நிறுவனம், செயலியில் இருக்கும் பெண்களுக்குச் சிறுகடன் தரத் தயார் என்கிறது. மொத்தக் கடனில் 20 சதவீதம் வரையிலான வராக்கடனை இவர் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. நிறுவனப் பதிவு செய்து கொடுக்கும் முகவர் ஒருவர் ‘நிதி கம்பெனி’ தொடங்கினால் எல்லாம் ஒரே கூரையில் அடங்கிவிடும் என்கிறார். கூடவே அம்மாவின் வீட்டை அடமானம் வைத்து 15 லட்சம் வாங்கும் யோசனையும் இருக்கிறது. “நாங்கள் வெறும் செயலிதானே, பணம் எங்களிடம் இரண்டு நாள்கூட நிற்பதில்லை. எங்களுக்கு எதற்கு உரிமம்? கென்யாவில் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையை அனுமதி கேட்டுக்கொண்டா தொடங்கினார்கள்?” என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வார நடுவில் கைச்செலவுக்குப் பணமில்லாமல் தண்டல்காரரிடம் போய் நிற்கும் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் பகுதி பொய்யில்லாதது. அவர்களுக்கு நல்ல வழி ஒன்று வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லப் போகிறேன். தொழில் திட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், இன்றைக்கு உங்கள் கணக்கில் கிடக்கும் பணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பணம் உங்களிடம் இரண்டு நாள்கூட நிற்பதில்லை என்கிறீர்கள். ஆனால் தீபாவளிச் சேமிப்பு? 140 பேர், வாரம் 100 ரூபாய், பதினோரு வாரம். 1,54,000 ரூபாய் உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கில் நிற்கிறது. அது உங்கள் பணமில்லை. அதற்கு 8 சதவீதம் தருவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். பிற்பாடு திருப்பித் தருகிறேன் என்று பொதுமக்களிடம் தொழிலாகப் பணம் வாங்கினால் சட்டத்தின் மொழியில் அது வைப்புத்தொகை. 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் இதைத்தான் தடுக்கிறது. தனிநபர் என்பதால் அதில் விலக்கு கிடையாது. இப்படிப்பட்ட வைப்பைத் தரும்படி மக்களை அழைத்தாலே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. வாங்கினால் இரண்டு முதல் ஏழாண்டு வரை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், வாங்கியதே குற்றம் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. திருப்பிக் கொடுக்க முடியாமல் போனால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதில் பத்தாண்டு வரை தண்டனை உண்டு, சொத்தும் முடக்கப்படும்.

நாளைக்கே தனியார் நிறுவனமாகப் பதிவு செய்து ஜி.எஸ்.டி. எண் வாங்கினாலும் இது சரியாகாது. தனியார் நிறுவனம் பொதுமக்களிடம் வைப்பு வாங்க நிறுவனச் சட்டமே அனுமதிப்பதில்லை. பதிவுச் சான்றிதழ் என்பது உங்கள் நிறுவனம் பிறந்ததற்கான சான்று மட்டுமே. பிறர் பணத்தைத் தொடுவதற்கான உரிமை அதில் எழுதப்படவில்லை.

சீட்டின் உண்மையான கணக்கு

அடுத்து சீட்டு. வாரம் ஒரு குழுவுக்கு 10,000 வருகிறது, 10,000 போகிறது, ஆகவே ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தாளை எடுத்து என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தள்ளுத் தொகையையும் கமிஷனையும் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். பதினோரு வாரம் முடிந்திருக்கிறது. ஒரு குழுவில் 11 பேர் சீட்டை எடுத்துவிட்டார்கள், 9 பேர் எடுக்கவில்லை. எடுக்காத ஒன்பது பேரும் ஆளுக்கு 5,500 கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு வர வேண்டியது 49,500. எடுத்த பதினோரு பேரும் ஆளுக்கு இன்னும் 4,500 கட்ட வேண்டும், அதுவும் 49,500. ஏழு குழுக்களுக்கும் சேர்த்து 3,46,500 ரூபாய். எடுத்தவர்கள் கட்டக் கட்டத்தான் எடுக்காதவர்களுக்குப் பணம். நடுவில் யாராவது கட்டாமல் போனால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டியவர் நீங்கள். உங்கள் கணக்கில் பணம் நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் மூன்றரை லட்சம் ரூபாய்ப் பொறுப்பு உங்கள் தலையில் நிற்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். மஞ்சள் பையிலிருந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்த சீட்டு அட்டையை எடுத்து மேசைமேல் விரித்து, கட்டிய தவணை ஒவ்வொன்றுக்கும் எதிரே இருந்த சுருக்கொப்பத்தை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சீட்டு நடத்தியவர் ஏமாற்றுக்காரர் என்று ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. உண்மையில் அந்த மனிதர் ஏமாற்றவும் இல்லை. முதல் இரண்டு மாதம் சீட்டு எடுத்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அவர் தன் கைக்காசைப் போட்டார். அது தீர்ந்ததும் மனைவியின் நகையை வைத்தார். அதுவும் தீர்ந்ததும் புதுச் சீட்டு தொடங்கி, அதில் வந்த பணத்தைப் பழைய சீட்டுக்குக் கொடுத்தார். நேர்மையானவர்கள் நடத்தும் சீட்டு பெரும்பாலும் இப்படித்தான் முறிகிறது. உங்கள் ஊரில் தீபாவளிக்குச் சொந்த ஊர் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பது என்னைவிட உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் அம்மா 22 ஆண்டுகள் ஒரு சிக்கலும் இல்லாமல் நடத்தினார் என்றால் அதற்குக் காரணம், இருபது பேரின் வீடும் வாசலும் அவருக்குத் தெரியும் என்பதே. யாருக்கு முதலில் சீட்டைக் கொடுக்கக் கூடாது என்று அவர் மனதில் ஒரு கணக்கு இருந்திருக்கும். 140 பேருக்கு அந்தக் கணக்கு ஓரளவு எட்டலாம். 14,000 பேருக்கு எட்டாது. செயலியில் உங்களால் எழுத முடியாத பகுதி அதுதான்.

சட்டப்படியும் ஒன்று சொல்ல வேண்டும். 1982-ஆம் ஆண்டின் சிட்பண்டு சட்டப்படி முன் அனுமதி பெறாமலும் பதிவு செய்யாமலும் சீட்டுத் தொடங்கக் கூடாது. மீறினால் இரண்டாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. சிறிய சீட்டுகளுக்கு விலக்கு உண்டு என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த விலக்கின் வரம்பு 2019 வரை எவ்வளவு தெரியுமா? 100 ரூபாய். 2019 திருத்தம் அந்த வரம்பை நிர்ணயிக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டது. அம்மாவின் மேல் இதுவரை எந்த வழக்கும் வரவில்லை என்றால் யாரும் புகார் கொடுக்கவில்லை என்றுதான் பொருள்.

எம்-பெசாவும் அனுமதியும்

எம்-பெசாவைப் பற்றி நீங்கள் நினைத்திருப்பது பாதிதான் சரி. 2007-இல் கென்யாவில் அது தொடங்கியபோது கைப்பேசிப் பணத்துக்கென்று தனிச் சட்டம் இருக்கவில்லை. ஆனால் சஃபாரிகாம் நிறுவனம் கென்ய மத்திய வங்கியிடம் போய்த் திட்டத்தை விளக்கி, ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டுதான் இறங்கியது. அதைவிட முக்கியமானது, மக்கள் போட்ட பணத்தை நிறுவனம் தன் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. வணிக வங்கியில் ஒரு அறக்கட்டளையின் பெயரில் வைத்தார்கள். நிறுவனம் நொடித்துப் போயிருந்தாலும் கடன்காரர்கள் அதைத் தொட்டிருக்க முடியாது. நீங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இந்த ஏற்பாடுதான். அதே கென்யாவில் பின்னால் கடன் செயலிகள் பெருகின. கடன் வாங்கியவரின் கைப்பேசியில் உள்ள எண்களுக்கெல்லாம் அழைத்து மானத்தை வாங்கினார்கள். 2022-இல் மத்திய வங்கி அவர்களுக்கென்று தனி விதிமுறைகள் கொண்டுவந்து உரிமம் கட்டாயம் என்றது.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்கள் ஒரே பெண்ணுக்கு நாலைந்து பேர் கடன் கொடுத்து வசூலுக்கு நெருக்கியதில், 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. வசூல் ஏறத்தாழ நின்றே போனது. அந்தத் தொழிலே அன்றைக்கு ஆட்டம் கண்டது. இன்றைய ரிசர்வ் வங்கி விதிகள் பலவும் அந்தக் காயத்தின் தழும்புகள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் நுண்கடனில், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் வந்த விதி ஓர் உதாரணம்.

இனி நீங்கள் கேட்ட வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘நிதி கம்பெனி’ யோசனை

இதை விட்டுவிடுங்கள். ‘நிதி கம்பெனி’ தன் உறுப்பினர்களிடம் மட்டுமே வைப்பு வாங்கி, அவர்களுக்கு மட்டுமே கடன் தரலாம். அது சீட்டு நடத்தவே கூடாது என்று 2014-ஆம் ஆண்டின் நிதி விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. வைப்புக்கு விளம்பரம் செய்யக் கூடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு 120 நாளுக்குள் 200 உறுப்பினர்களையும் 20 லட்சம் நிகர சொந்த நிதியையும் (கடன் வாங்காத சொந்த மூலதனம்) காட்டி மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும். ஒரே கூரையில் எல்லாம் அடங்கும் என்று சொன்ன முகவரிடம், எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

கோவை நிறுவனமும் 20 சதவீத உத்தரவாதமும்

உரிமம் பெற்ற வங்கிசாரா நிதி நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் கடன்சேவை முகவராக இருக்க உங்களுக்குத் தனி ரிசர்வ் வங்கி உரிமம் தேவையில்லை. அது உண்மை. ஆனால் 2022-இல் வந்து 2025-இல் தொகுக்கப்பட்ட டிஜிட்டல் கடன் விதிகள் உங்களையும் கட்டும். கடன் தொகை நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராகக் கடன் வாங்கும் பெண்ணின் கணக்குக்குப் போக வேண்டும். தவணை நேராக நிறுவனத்தின் கணக்குக்குத் திரும்ப வேண்டும். நடுவில் உங்கள் கணக்கு வரவே கூடாது. உங்கள் கட்டணத்தை நிறுவனம்தான் தர வேண்டும். கடன் வாங்குபவரிடம் ஒரு ரூபாய்கூட நீங்கள் பிடிக்க முடியாது. மொத்தச் செலவையும் ஆண்டு விகிதமாகக் காட்டும் விவரத்தாளை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். குறைந்தது ஒரு நாளாவது, மனம் மாறினால் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்க வாய்ப்பு தர வேண்டும்.

20 சதவீத உத்தரவாதத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2023 ஜூன் முதல் இதற்கான உச்சவரம்பு, அந்தக் கடன் தொகுப்பில் 5 சதவீதம். அதையும் ரொக்கமாகவோ, நிறுவனத்தின் பெயரில் பிணைக்கப்பட்ட நிரந்தர வைப்பாகவோ, வங்கி உத்தரவாதமாகவோ கொடுக்க வேண்டும். வெறும் கடிதம் செல்லாது. இது அந்த நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே கேட்கிறார்கள் என்றால் நாளைக்கு ஆய்வு வரும்போது பழியை யார்மேல் போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நீங்களே வங்கிசாரா நிதி நிறுவனம் தொடங்க நினைத்தால், இன்றைக்குப் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு 10 கோடி ரூபாய் நிகர சொந்த நிதி வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைச் சங்கடப்படுத்தியது. வசூலுக்கு உதவும் என்பதால் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்கச் செயலி அனுமதி கேட்கலாம் என்று நண்பர் சொன்னதாகவும், அதை நீங்கள் பரிசீலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கடன் செயலி தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் படங்களையும் தொடவே கூடாது என்கிறது விதி. விதி இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். தண்டல்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டால் தெருவுக்குத்தான் தெரியும். செயலி அழைத்தால் அந்தப் பெண்ணின் மாமியார் வீட்டுக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும், சூப்பர்வைசருக்கும் தெரியும். எந்தக் கொடுமையிலிருந்து அவர்களை மீட்க வந்தீர்களோ அதைவிடப் பெரியதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவீர்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று அந்தச் சொற்களையே எடுத்துப்போட்டு 2003-இல் தடைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. 2025-இல் கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கச் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது.

முறையான சீட்டு நிறுவனம்

இது நடக்கக்கூடிய வழி; ஆனால் பொறுமை வேண்டும். நிறுவனத்துக்குக் குறைந்தது 1 லட்சம் செலுத்திய மூலதனம் வேண்டும் என்பது சிறிய விஷயம். ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவுத் துறையில் தனித்தனி முன் அனுமதி வாங்க வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையத்தை முன்னதாகவே கட்ட வேண்டும். மொத்தச் சீட்டுத் தொகை நிகர சொந்த நிதியைப் போலப் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது. கமிஷன் உச்சவரம்பு 2019 திருத்தத்தில் 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்ந்தது. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மாநில அரசின் அனுமதி இல்லாமல் சீட்டு நிறுவனம் வேறு தொழில் எதையும் செய்யக் கூடாது. ஆகவே கடனும் சேமிப்பும் சீட்டும் ஒரே நிறுவனத்தில் என்ற உங்கள் படம் இங்கேயும் பொருந்தாது.

உங்களுக்கு உதவும் ஒரு மாற்றமும் அதே 2019 திருத்தத்தில் இருக்கிறது. ஏலத்தின்போது குறைந்தது இரண்டு சந்தாதாரர்கள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அவர்கள் காணொலி வழியாகவும் கலந்துகொள்ளலாம், நடத்துபவர் அதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. செயலியில் ஏலம் என்பதற்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

என்னுடைய யோசனை

உங்கள் இடத்தில் என் சொந்தத் தங்கை இருந்தால், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறர் பணத்தைத் தொடாத தொழிலைச் செய் என்றுதான் சொல்வேன். உங்கள் பலம் மென்பொருள். கொங்கு வட்டாரத்தில் பதிவு பெற்ற சீட்டு நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இன்றும் பேரேடும் ரப்பர் ஸ்டாம்பும்தான். ஏலம், தவணை நினைவூட்டல், தள்ளுக் கணக்கு, பதிவாளருக்குப் போக வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை உங்கள் செயலி செய்யட்டும். தவணைப் பணம், உரிமம் பெற்ற பணப்பட்டுவாடா நிறுவனத்தின் வழியாக நேராகச் சீட்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். அந்தப் பட்டுவாடா வேலையை நீங்களே செய்யலாம் என்று எண்ண வேண்டாம். அதற்கு விண்ணப்பிக்கும்போதே 15 கோடி நிகர மதிப்பு வேண்டும். உங்களுக்குச் சந்தாக் கட்டணம் வரும். யாருடைய 49,500-க்கும் நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள்.

அதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உங்கள் கடிதத்திலேயே ஒளிந்திருக்கிறது. ஓவர்லாக் மெஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண் புதன்கிழமை மாலைக்குள் மூன்று நாள் கூலியைச் சம்பாதித்துவிட்டாள். ஆனால் சனிக்கிழமை வரை அவளுக்கு அது வராது, அதனால்தான் வட்டிக்கு வாங்குகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று நாள் கூலியைக் கம்பெனியே தன் சொந்தப் பணத்திலிருந்து புதன்கிழமையே கொடுத்தால் அது கடனே இல்லை, சீக்கிரம் வந்த சம்பளம். யார் எத்தனை டஜன் தைத்தார், எவ்வளவு எடுத்தார், சனிக்கிழமை மீதி எவ்வளவு என்ற கணக்கை மட்டும் நீங்கள் வைத்துக்கொடுங்கள். கட்டணத்தைக் கம்பெனியிடம் வாங்குங்கள். அந்தப் பெண்ணிடம் வாங்காதீர்கள். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஒரு சம்பளக் காலத்துக் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற ஊதியச் சட்ட வரம்பைச் செயலியிலேயே பூட்டி வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முன்பணத்தைக் கம்பெனிக்குப் பதிலாக வெளியார் ஒருவர் போட்டால் அந்த நிமிடமே அது கடனாகிவிடும், மேலே சொன்ன கடன் விதிகள் எல்லாம் வந்து நிற்கும்.

சேமிப்புக்கும் நேர்வழி உண்டு. வங்கிக்காக வெளியில் பணம் வாங்கும் முகவராக, அதாவது வணிகத் தொடர்பாளராகச் சேர்ந்தால் பெண்கள் போடும் பணம் முதல் நாளிலிருந்தே வங்கியின் வைப்பு. உங்கள் அம்மா, அஞ்சலகத் தொடர் வைப்புக்கு மகளிர் முகவராக விண்ணப்பிக்கலாம்; 22 ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அங்கே முறையான கமிஷனும் கிடைக்கும். டிஜிட்டல் தங்கத்தில் சிறுசேமிப்பு என்று உங்களிடம் யாராவது வந்தால், அது தன் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்ததை நினைவில் வையுங்கள்.

முதலாளியின் 40 லட்சத்தைப் பற்றி என் கவலை வேறு. அவருடைய கம்பெனியில் வேலை செய்யும் பெண்களின் சேமிப்பு, கடன், அவசரம் எல்லாம் அவர் பங்கு வைத்திருக்கும் செயலியில் இருக்கும். எந்தப் பெண் இந்த வாரம் வேலையை விட முடியாத நெருக்கடியில் இருக்கிறாள் என்று முதலாளிக்குத் தெரிந்தால், கூலி உயர்வு கேட்கும் நாளில் அவள் பக்கம் என்ன பலம் மிஞ்சும்? பணத்தை வாங்குவதானால், தனிநபர் விவரம் எதுவும் அவருக்கோ அவர் கம்பெனிக்கோ போகாது என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மென்பொருளிலும் அப்படியே கட்டுங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்களிடம் அதையே எதிர்பார்க்கிறது. அவர் மறுத்தால் அந்தப் பணம் வேண்டாம்.

அம்மாவின் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். வங்கிக் கடன் வராக்கடனானால் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் இருக்கிறது. நான் மேலே சொன்ன இரண்டு தொழிலுக்கும் 15 லட்சம் தேவையில்லை.

இந்தச் சனிக்கிழமை

இந்த வாரம் செயலியில் வசூலைத் திறக்காதீர்கள். புதிய குழு எதையும் தொடங்காதீர்கள். தீபாவளிச் சேமிப்பு 1,54,000-ஐ அவரவர் கணக்குக்கே, பணம் வந்த அதே வழியில், ஆளுக்கு 1,100 ரூபாயாகத் திருப்பி அனுப்புங்கள். எதற்கான தொகை என்று ஒவ்வொன்றிலும் குறிப்பிடுங்கள். சீட்டுக் குழுக்களை எப்படி முடிப்பது என்பதை எழுத்தில் தீர்மானியுங்கள்: எடுத்தவர்கள் பாக்கியைக் கட்ட வேண்டும், எடுக்காதவர்களுக்குத் தள்ளு கழித்துக் கட்டியது திரும்ப வேண்டும். எடுத்தவர்களுக்குத் தவணை நாள் கொடுத்தால், எடுக்காதவர்களின் தொகைக்கு உங்கள் சேமிப்பிலிருந்து முன்பணம் போட வேண்டி வரலாம். அதற்குத் தயாராக இருங்கள். வாரம் 3,500 வீதம் நீங்கள் எடுத்த கமிஷன் 38,500. அதையும் திருப்பிக் கொடுக்கும்படி சொல்வேன், ஆளுக்கு 275 ரூபாய் வரும். பதிவில்லாத சீட்டின் கமிஷனை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த அதிகாரியிடமும் நிமிர்ந்து பேச முடியாது.

திருப்பிக் கொடுத்துவிட்டதால் நடந்தது நடக்காததாகிவிடாது. ஆனால் யாருக்கும் ஒரு ரூபாய் நட்டமில்லை, நீங்களே முன்வந்து முடித்தீர்கள் என்பது காகிதத்தில் இருந்தால், பின்னால் எந்தக் கேள்வி வந்தாலும் உங்கள் வழக்கறிஞருக்கு அதுவே பிடிமானம். அதனால் செயலியின் பதிவுகளையோ வாட்ஸ்அப் செய்திகளையோ அழிக்காதீர்கள். பயத்தில் பலர் செய்யும் முதல் தவறு அதுதான். பிறகு நேர்மையான கணக்கைக்கூட நிரூபிக்க முடியாமல் போகிறது.

பதினோரு வார வங்கி அறிக்கை, ஏழு குழுக்களின் பெயர்ப் பட்டியல், ஏலப் பதிவுகள், அம்மாவின் நோட்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, சிட்பண்டு விவகாரங்களில் பழக்கமுள்ள உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வெள்ளிக்கிழமைக்குள் பாருங்கள். அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். எடுத்த 77 பேரில் யார் தாமதமாகக் கட்டுவார்கள், யார் வீட்டுக்கு நேரில் போக வேண்டும் என்று அவர் சொல்வதை அந்த வழக்கறிஞர் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.